நிறமும் கூலியும்: மெம்ஃபிஸ் நகரத்தின் சாட்சியம்

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேதியன்று, அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள மெம்ஃபிஸ் நகரத்தில், கொட்டுகிற மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், தாங்கள் வேலை செய்துவந்த குப்பை லாரியின் பின்கூட்டுக்குள்ளேயே ஏறி நின்றார்கள். குப்பையை நெருக்கி அமுக்குவதற்காக அந்தப் பழைய வண்டியில் பொருத்தியிருந்த இயந்திரம் திடீரென்று இயங்கத் தொடங்கிற்று. இருவரும் அதில் சிக்கி நசுங்கி மாண்டார்கள். அவர்கள் மணிக்கணக்கில் கூலி பெறும் தற்காலிகப் பணியாளர்கள் என்ற காரணத்தால், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்களுடைய குடும்பங்கள் உரிமை கோர முடியவில்லை. ஒரு மாதச் சம்பளமும், ஈமச் சடங்குகளுக்கென்று 500 டாலரும் கொடுத்து நகராட்சி தன் கடமை முடிந்ததாகக் கருதிற்று. இறந்த இருவரும் கறுப்பினத்தவர்கள்.

இதற்குச் சற்று முன்னர், மழையைக் காரணம் காட்டிச் சாக்கடைப் பிரிவின் கறுப்பினத் தொழிலாளர்களை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் முழு நாள் சம்பளம் கொடுத்திருந்தார்கள். மனம் கொதித்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு சாவுகளும் பொறுக்கும் எல்லையைக் கடந்துவிட்டன. பிப்ரவரி 12-ஆம் தேதி ஏறக்குறைய 1,300 பேர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்து கொடுக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும், பதவி உயர்வில் பேதம் பார்க்கக்கூடாது என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். மேயர் ஹென்றி லோப் இதைச் சட்டப் பிரச்சினையாக மட்டுமே பாவித்தார்; நகராட்சி ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம், ஆகையால் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது அவருடைய நிலை. தொழிலாளர்களோ கழுத்தில் அட்டைகளை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அந்த அட்டைகளில் எழுதியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: ‘நான் ஒரு மனிதன்.’

சந்தாப் பிடித்தம் என்பது கணக்கர் மேஜையில் தீரவேண்டிய சில்லறை விவகாரம். ‘நான் ஒரு மனிதன்’ என்பதோ மனித குலத்தின் ஆதி வழக்கு. ஒரே ஊர்வலத்தில், ஒரே மனிதர்கள், இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள் என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பெரிய தர்க்கம் இவ்விரண்டையும் வெட்டிப் பிரித்து வைப்பதிலிருந்தே பிறந்திருக்கிறது. கறுப்பின மக்களின் தாழ்நிலைக்கு மூலகாரணம் நிற வெறுப்பா, வறுமையா? பரிகாரம் தேடவேண்டியது நிறத்தின் பெயராலா, தேவையின் பெயராலா? அறிஞர்களும் தலைவர்களும் நீதிபதிகளும் இதில் இரு பக்கமாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். இரு பக்கத்திலும் சான்றோர் இருந்திருக்கிறார்கள். கறுப்பினத்தவரே இரு பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். கேள்வியை அமைத்த விதத்திலேயே பிழை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் தேடி நான் மெம்ஃபிஸ் நகரத்தையே திரும்பத் திரும்ப அணுக வேண்டியிருக்கிறது.

துப்புரவுத் தொழிலாளர்களின் ஊர்வலத்துக்கு 76 ஆண்டுகளுக்கு முன்னர், அதே நகரத்தில், தாமஸ் மாஸ் என்ற தபால்காரரும் அவருடைய கூட்டாளிகளும் ‘மக்கள் மளிகைக் கடை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கடை நடத்தி வந்தார்கள். அந்த வட்டாரத்தில் அதுவரையில் ஒரு வெள்ளைக்காரரின் மளிகைக் கடையே ஏகபோகமாக வியாபாரம் செய்துவந்தது. புதிய கடைக்குக் கறுப்பின வாடிக்கைக்காரர்கள் சென்றார்கள்; பழைய கடைக்கு வருமானம் குறைந்தது. 1892-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிறுவர்களின் கோலி விளையாட்டில் தோன்றிய ஒரு சச்சரவு பெரியவர்களின் சண்டையாக வளர்ந்தது. சாதாரண உடையில் ஆயுதபாணிகளாய் இரவில் கடைக்கு வந்தவர்களை நோக்கி உள்ளேயிருந்தவர்கள் சுட்டார்கள். மாஸும் இன்னும் இருவரும் கைதானார்கள். சில நாட்களுக்குள் ஒரு கும்பல் அம்மூவரையும் சிறையிலிருந்து இழுத்துச் சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது.

மாஸின் குடும்ப நண்பரான ஐடா வெல்ஸ் என்ற இளம் பெண் அப்போது மெம்ஃபிஸில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். இத்தகைய கும்பல் கொலைகள் பெண்களை மானபங்கம் செய்தவர்கள்மீது எழும் ஆத்திரத்தின் விளைவு என்று தெற்கு மாநிலங்களில் சொல்லப்பட்டு வந்ததை, அதுவரை தாமும் ஓரளவு நம்பியிருந்ததாக அவர் பிற்காலத்தில் மனம்விட்டு எழுதியிருக்கிறார். மாஸ் செய்த குற்றம் நன்றாக வியாபாரம் செய்தது ஒன்றுதான் என்பதைக் கண்ணெதிரே கண்ட பிறகு அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போயிற்று. இந்த நகரத்தை விட்டு வெளியேறுங்கள் என்று அவர் தம் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் மேற்கே ஓக்லஹோமாவை நோக்கிப் புறப்பட்டார்கள். எஞ்சியவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகளே அவருடைய காரியாலயத்துக்கு வந்து முறையிடும்படி ஆயிற்று. மே மாதத்தில், அவர் வெளியூர் சென்றிருந்தபோது, பத்திரிகாலயத்தை நாசம் செய்தார்கள். அதன் பிறகு அந்த ஊரில் வாழ அவருக்கு வழியில்லாமற் போயிற்று.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேரி பெக்கர் என்ற பொருளாதார நிபுணர் 1957-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், நிற வெறுப்பு என்பது அதை வைத்திருப்பவருக்கே நஷ்டம் விளைவிக்கும் ஒரு விருப்பம் என்றும், திறமையுள்ளவனை நிறத்துக்காக ஒதுக்கும் முதலாளி போட்டியில் பின்தங்குவான் என்றும் நுட்பமாக வாதித்தார். மில்ட்டன் ஃப்ரீட்மன் முதலியோர் இதையே விரித்து, தடையற்ற சந்தை பேதத்தைத் தானாகவே கரைத்துவிடும் என்று நம்பினார்கள். தர்க்க ரீதியில் இதில் குறை காண்பது எளிதன்று. ஆனால், மெம்ஃபிஸில் சந்தை தன் வேலையைச் செவ்வனே செய்தது. வெள்ளைக்காரரின் கடை போட்டியில் பின்தங்கவும் செய்தது. அதற்கு விடையாக வந்தவை விலைக்குறைப்பும் நல்ல சரக்கும் அல்ல, துப்பாக்கிகள். கொலைகாரர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. போட்டி பேதத்தைக் கரைக்க வேண்டுமானால், போட்டியில் ஜெயிப்பவன் உயிரோடிருக்கச் சட்டம் அனுமதிக்க வேண்டும். அந்த நிபந்தனை தெற்கு மாநிலங்களில் பல தலைமுறைகளுக்கு நிறைவேறவில்லை.

மாஸ் இறந்து மூன்றாண்டு கழித்து, 1895 செப்டம்பரில், அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியில் புக்கர் டி. வாஷிங்டன் பேசினார். அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கீஜி என்னுமிடத்தில் ஒரு தொழிற்கல்வி ஸ்தாபனத்தைத் தம் உழைப்பால் வளர்த்தவர் அவர். வாக்குரிமையையும் சமூக சமத்துவத்தையும் பற்றி இப்போது வற்புறுத்த வேண்டாம். கைத்தொழிலும் விவசாயமும் கற்று, பணமும் நிலமும் சேர்ப்போம். பொருளுள்ளவனை உலகம் நெடுநாள் ஒதுக்கி வைக்காது என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1903-இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் தமது நூலொன்றில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு மறுப்பாக எழுதினார். வாக்குரிமை இல்லாதவன் சேர்த்த சொத்தைக் காப்பாற்றிக்கொள்வது எவ்வாறு என்று அவர் கேட்டார். தாமஸ் மாஸின் கடையை நினைத்துப் பார்க்கும் எவரும் அந்தக் கேள்வியின் பலத்தை உணர்வார்கள்.

இந்த இருவரையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்திப் பேசுவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஆனால், வாஷிங்டனுடைய காகிதங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட செய்தி வேறு: மேடையில் சமாதானம் பேசிய அந்த மனிதர், தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு, ஒருவருக்கும் தெரியாமல் பணம் உதவி வந்திருக்கிறார். டு பாய்ஸும் தம் பங்குக்கு, வயது ஏற ஏறப் பொருளாதாரத்தின் பக்கமே அதிகமாகத் திரும்பினார். 1935-இல் அவர் எழுதிய பெருநூலில், ஏழை வெள்ளைக்காரத் தொழிலாளி குறைந்த கூலியைச் சகித்துக்கொண்டதற்கு, தான் கறுப்பினத்தவன் அல்லன் என்ற கௌரவமே ஒருவகைக் கூலியாக அவனுக்கு அளிக்கப்பட்டதுதான் காரணம் என்று விளக்கினார். நிறம் எங்கே முடிகிறது, கூலி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத இடம் அது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். கும்பல் கொலையைக் காட்டிலும் சாத்வீகமாகத் தோன்றும் சாதனங்கள் அப்போது வேலை செய்தன. அவற்றின் விளைவு அதைவிட நீடித்ததாயிருந்தது என்று நான் எண்ணுகிறேன். 1934-இல் அமெரிக்கக் கூட்டரசு, குடிமக்கள் தவணை முறையில் வீடு வாங்குவதற்கு வங்கிகள் கொடுக்கும் கடனுக்குத் தானே பிணை நிற்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்கு முன்பு பெருந்தொகையை முன்பணமாகக் கட்டினாலன்றி வீடு வாங்க முடியாதிருந்த நடுத்தரக் குடும்பங்கள், சிறு தொகையோடு, இருபது முப்பது ஆண்டுத் தவணையில் சொந்த வீட்டுக்காரர்களாயின. ஆனால், எந்த வீட்டுக்குப் பிணை நிற்கலாம், எதற்கு நிற்கலாகாது என்று மதிப்பீட்டாளர்களுக்கு வழிகாட்டிய அரசாங்கக் கையேடு, கறுப்பினத்தவர் குடியேறும் பகுதி மதிப்பிழக்கும் பகுதி என்று கொண்டது. வீட்டை வேற்றினத்தாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்தில் சேர்ப்பதை அது நல்ல ஏற்பாடாகவே பரிந்துரைத்தது. 1948-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றி வைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்த பிறகும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. அரசாங்கத்தின் இன்னொரு ஸ்தாபனம் நகரங்களின் வரைபடங்களில் அபாயமான பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி வைத்தது. அந்தச் சிவப்புப் பகுதிகளில் ஏழை வெள்ளைக்காரர்களும் பெருந்தொகையினராய் வாழ்ந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு பகுதிக்குச் செல்ல வழி திறந்திருந்தது. கறுப்பினத்தவர்களுக்கு அது அடைபட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் உதவி வழங்கியது. அந்தச் சட்டத்தின் வாசகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடனைக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் அந்தந்த ஊர் வங்கிகளிடம் இருந்தது. மக்களில் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் கறுப்பினத்தவராயிருந்த மிஸிஸிப்பி மாநிலத்தில், 1947-ஆம் ஆண்டில், வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் நிலத்துக்கும் இச்சட்டத்தின்கீழ் பிணை அளிக்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஐரா காட்ஸ்நெல்ஸன் என்ற வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டும் இந்தக் கணக்கை முதன்முறை படித்தபோது, ஏதோ அச்சுப்பிழை என்றே எனக்குத் தோன்றியது.

மற்றொரு சட்டத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியம் ஏற்படுத்தியபோது, விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கி வைத்தது. அக்காலத்துக் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் இவ்விரு வேலைகளில்தான் இருந்தார்கள். தெற்கு மாநிலப் பிரதிநிதிகள் மலிவான கூலியாட்களை இழந்துவிடாதிருக்கச் செய்த சூழ்ச்சி இது என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். லாரி டெவிட் முதலிய மற்றொரு சாரார், சிதறிக்கிடக்கும் இந்தத் தொழிலாளரிடமிருந்து சந்தா வசூலிப்பது நிர்வாகத்துக்கு இயலாது என்று நிதி மந்திரியே சாட்சியம் அளித்ததை எடுத்துக்காட்டி, எண்ணிக்கையில் பார்த்தால் விலக்கப்பட்டவர்களில் வெள்ளைக்காரர்களே அதிகம் என்பதையும் நினைவூட்டுகிறார்கள். இரண்டு கூற்றுக்கும் ஆதாரம் உண்டு. சட்டம் இயற்றியவர்களின் அந்தரங்க எண்ணத்தை எவ்வாறு தீர்மானித்தாலும், பருத்திக் காட்டில் குனிந்து வேலை செய்த மனிதனுக்கு ஓய்வூதியம் 1950-களில்தான் வந்தது. அவனுக்கு அதை மறுத்த காரணம் நிறமா, தொழிலா என்று அவனிடம் கேட்டிருந்தால், இந்த நிறத்தில் பிறந்ததனால்தானே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று அவன் கேட்டிருக்கக் கூடும்.

இந்தப் பின்னணியோடு மார்ட்டின் லூதர் கிங்கின் கடைசி ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1959-இல் அவர் இந்தியாவுக்கு வந்து ஜவாஹர்லால் நேருவைச் சந்தித்தபோது, தீண்டாமைக்கு உள்ளானவர்களுக்குக் கல்லூரியிலும் உத்தியோகத்திலும் சலுகை தருவது இன்னொரு வகைப் பாரபட்சமாகாதா என்று உடன் வந்தவர் கேட்டார். ஆகலாம், ஆனால் நூற்றாண்டுகளாக இழைத்த அநீதிக்கு நாங்கள் பிராயச்சித்தம் செய்யும் வழி இது என்ற பொருளில் நேரு விடையளித்தார். கிங் இதை மறக்கவில்லை. 1964-இல் வெளியிட்ட நூலில் இந்த உரையாடலை விவரித்தார். அதே நூலில் அவர் கேட்ட பரிகாரம், போர்வீரர்களுக்காக இயற்றிய சட்டத்தைப் போல, ஆதரவற்றோர் அனைவருக்குமான ஓர் உரிமைச் சாசனம். ஏழை வெள்ளைக்காரர்களும் அதில் அடங்குவர் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். நிறத்துக்காக ஒரு பிராயச்சித்தம், வறுமைக்காக ஒரு பொதுச் சாசனம் என்று இரண்டையும் ஒரே நூலில், முரண்பாடு எதுவும் உணராமல், அவர் கேட்டதை இன்றைய வாதிகளில் இரு பக்கத்தாரும் பாதி பாதியாகவே எடுத்தாளுகிறார்கள்.

அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒரே மனத்தினர் அல்லர். தொழிற்சங்கத் தலைவர் ராண்டால்ஃபும் அவருடைய சகாவான பேயார்ட் ரஸ்டினும் 1966-இல் ‘சுதந்திர வரவுசெலவுத் திட்டம்’ ஒன்றை வெளியிட்டு, எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் வாழ்வதற்கேற்ற வருமானம் என்ற கொள்கையால், தொழிற்சங்கங்களோடு கூடி, பத்தாண்டுகளில் வறுமையை ஒழிக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு கோடையில் இளம் தலைவரான ஸ்டோக்லி கார்மைக்கேல் மிஸிஸிப்பியில் ‘கறுப்பர் அதிகாரம்’ என்ற முழக்கத்தை எழுப்பினார். வெள்ளைக்காரத் தோழமையை நம்பி ஏமாந்தது போதும் என்பது அவருடைய தலைமுறையின் அனுபவம். கூட்டணி இல்லாமல் பத்தில் ஒரு பங்கு மக்கள் எதைச் சாதிப்பார்கள் என்பது ரஸ்டினுடைய கேள்வி. கிங் இவ்விருவருக்கும் நடுவே நின்று, 1967 டிசம்பரில், எல்லா நிறத்து ஏழைகளையும் தலைநகருக்கு அழைத்துச் செல்லும் இயக்கம் ஒன்றை அறிவித்தார். அதற்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த நாட்களில்தான் மெம்ஃபிஸிலிருந்து அழைப்பு வந்தது. முக்கியமான வேலையை விட்டுவிட்டு ஒரு நகரத்துக் குப்பைத் தொழிலாளர் தகராறில் இறங்க வேண்டாம் என்று உடனிருந்தவர்கள் தடுத்தார்கள். தாம் தேசம் முழுவதற்கும் திட்டமிட்டது இந்த ஒரு தெருவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார் போலும். மார்ச் 18-ஆம் தேதி அவர் அங்கே பேசினார். மார்ச் 28-ஆம் தேதி அவர் தலைமையில் சென்ற ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் குண்டுக்கு இரையானான். ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை, லொரெய்ன் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11-ஆம் தேதி, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற பேதத்தைத் தடுக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டார். ஏப்ரல் 16-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகராட்சி தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

பத்தாண்டு கழித்து, 1978-இல், சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஜூலியஸ் வில்ஸன் என்ற கறுப்பினச் சமூகவியல் அறிஞர், நிறத்தின் முக்கியத்துவம் குறைந்துவருகிறது என்பதைத் தலைப்பிலேயே கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். படித்த கறுப்பினத்தவருக்குக் கதவுகள் திறந்துவிட்டன. படிக்காத ஏழைகளோ தொழிற்சாலைகள் நகரத்தை விட்டுப் போனதால் கைவிடப்பட்டார்கள். இனி இவர்கள் வாழ்வை நிர்ணயிப்பது நிறத்தைவிட வர்க்கமே என்பது அவர் வாதம். கறுப்பினச் சமூகவியல் அறிஞர்களின் சங்கம் அந்த நூலைக் கண்டித்து அறிக்கை விட்டது. வில்ஸன் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் களத்தில் ஆராய்ந்து, 2009-இல் வெளியிட்ட நூலில், பரிகாரங்களைப் பொதுப்படையாக மட்டுமே முன்வைக்க வேண்டும் என்ற தமது முந்தைய கருத்தைத் திருத்திக்கொண்டு, நிறத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும் என்று எழுதினார். தம் கருத்தைத் தாமே பகிரங்கமாகத் திருத்திக்கொள்ளும் அறிஞரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பொருளாதார நிபுணர் தாமஸ் ஸோவெல் எழுப்பும் ஆட்சேபம் வேறு வகையானது. இரண்டு கூட்டத்தாரின் வருமானம் வேறுபடுகிறது என்பதிலிருந்தே பாரபட்சம் நடந்திருக்கிறது என்று முடிவு கட்டலாகாது. வயது, வாழும் பிரதேசம், பழக்கவழக்கம், குடியேறிய காலம் ஆகியவை எல்லாம் வேறுபாட்டை உண்டாக்கும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரைவிட அதிகம் சம்பாதித்ததற்கு நிறம் எவ்வாறு காரணமாகும் என்று அவர் கேட்கிறார். இந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். வித்தியாசத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அதை விளைவித்த இயந்திரத்தையும் காட்டவேண்டும். ஆனால், அந்த இயந்திரத்தைக் கண்முன்னே நிறுத்தும் பரிசோதனைகள் இல்லாமலில்லை. 2003-இல் டெவா பேஜர் என்ற ஆராய்ச்சியாளர், மில்வாக்கி நகரத்தில், ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பிய முடிவை வெளியிட்டார். சிறைவாசம் அனுபவித்ததாகச் சொல்லிக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர்களுக்கு நூற்றுக்குப் பதினேழு இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. எக்குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞர்களுக்கு வந்தது நூற்றுக்குப் பதினான்கு. மேற்கிந்தியத் தீவினரைப் பற்றிய வாதம் எவ்வளவு சாமர்த்தியமானதாயினும் இந்தக் கணக்குக்கு அது பதிலாகாது. ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் இரண்டு கோடிக் குழந்தைகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே அளவு வருமானமுள்ள குடும்பங்களில், ஒரே வட்டாரத்தில் வளர்ந்த சிறுவர்களிலும், கறுப்பினத்தவர் பெரியவர்களானபோது வெள்ளையரைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள் என்று கண்டார்கள். பெண்களிடையே அந்த வேற்றுமை ஏறக்குறைய இல்லை. வறுமையே முழுக் காரணமாயிருந்தால் வருமானம் ஒத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒத்தே வளர்ந்திருக்க வேண்டும். நிறமே முழுக் காரணமாயிருந்தால் பெண்களிலும் அதே இடைவெளி தோன்றியிருக்க வேண்டும். எந்தக் கட்சியும் இந்த ஆராய்ச்சியை முழு மனதோடு கொண்டாட முடியாது.

இனி ஆஸ்திக்கு வருகிறேன். தர்க்கத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கூலி என்பது ஒருவன் இன்று உழைத்துப் பெறுவது. ஆஸ்தி என்பது அவனுடைய பாட்டனுக்கு எது அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதன் பதிவு. அமெரிக்க மத்திய வங்கி 2022-இல் எடுத்த கணக்குப்படி, நடுநிலையிலுள்ள வெள்ளைக்காரக் குடும்பத்தின் நிகர ஆஸ்தி 2,85,000 டாலர். நடுநிலையிலுள்ள கறுப்பினக் குடும்பத்தின் ஆஸ்தி 44,900 டாலர். வருமானத்தில் இத்தனை பெரிய இடைவெளி இல்லை. வருமானத்தை மட்டும் நோக்குகிறவர்கள் நிலைமை சீர்ப்பட்டுவருகிறது என்கிறார்கள், அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆஸ்தியை நோக்குகிறவர்கள் ஒன்றுமே மாறவில்லை என்கிறார்கள், அதிலும் உண்மையுண்டு. 1947-இல் மிஸிஸிப்பியில் மறுக்கப்பட்ட கடன், வாங்கப்படாத வீடாகி, பெருகாத மதிப்பாகி, பேரனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு ஈடு வைக்க முடியாத சொத்தாகி, இன்றைய புள்ளிவிவரத்தில் பொருளாதார ஏற்றத்தாழ்வு என்ற நிறமற்ற பெயரோடு வந்து நிற்கிறது.

அடால்ஃப் ரீட் போன்ற இடதுசாரி அறிஞர்கள் இதற்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். இரு இனத்தாரிடமும் ஆஸ்தியின் பெரும்பகுதி மேல்தட்டில் உள்ள பத்திலொரு பங்கினரிடம் குவிந்திருக்கிறது. இனங்களுக்கிடையே உள்ள விகிதத்தை மட்டும் சரிசெய்தால், கறுப்பினச் செல்வர்கள் வெள்ளைக்காரச் செல்வர்களுக்குச் சமமாவார்கள், குப்பை அள்ளுகிறவன் அங்கேயே இருப்பான் என்கிறார்கள். ஏழைகளின் தொகையை நோக்கினாலும் அவர்களுடைய வாதத்துக்கு வலு உண்டு: 2019-இல் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 18.8 பேர் வறியவர்கள், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையரில் நூற்றுக்கு 7.3 பேர், ஆனால் தலையெண்ணிப் பார்த்தால் வறிய வெள்ளையரே அதிகம். அவர்களை மறந்து எழும் எந்த நீதியும் வாக்குச்சாவடியில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது என்பது அரசியல் பிரத்தியட்சம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்ததிலிருந்து, தேவையை மட்டும் பார்த்து உதவுவோம் என்ற கட்சி மேலும் வலுப்பெற்றிருக்கிறது. அந்தக் கட்சியினரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே: 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லையல்லவா? நிறத்தைச் சொல்லாத சட்டம், நிறத்தைப் பார்க்கிற கைகளின் வழியாகத்தானே மக்களிடம் போய்ச் சேருகிறது?

ஆகையால் இரண்டு பரிகாரங்களும் வேண்டும் என்பதும், ஒன்று மற்றதன் ஸ்தானத்தில் நிற்க முடியாது என்பதும் என் முடிவு. எது முதலில் என்ற சர்ச்சை, நல்லெண்ணம் கொண்டவர்களிடையே நடக்கும்போதும், இரண்டையும் தள்ளிப்போட விரும்புகிறவர்களுக்கே பெரும்பாலும் உதவி வந்திருக்கிறது. மேயர் லோப் கூலியைப் பற்றிப் பேசியவர்களுக்குச் சட்டத்தைக் காட்டினார். மனிதத்தன்மையைப் பற்றிப் பேசியவர்களுக்கும் சட்டத்தையே காட்டினார். அந்த 1,300 பேர் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபடியால், அறுபத்தைந்து நாட்களுக்குப் பின் ஓர் உடன்படிக்கை கிடைத்தது. அதற்கு அவர்கள் தந்த விலையை உலகம் அறியும்.

அவர்கள் அறியாதிருந்த ஒன்றும் அந்த உடன்படிக்கைக் காலத்தில் நேர்ந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு துப்புரவுத் தொழிலாளர்கள் நகராட்சியின் ஓய்வூதியத் திட்டத்தில் சேராமல், கூட்டரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தையே தேர்ந்துகொண்டார்கள். பருத்திக் காடுகளிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் எவருக்கு இடமில்லை என்றதோ அவர்களுடைய பிள்ளைகள். அந்தத் திட்டம் தந்த தொகை முதுமைக்குப் போதவில்லை. 2017-இல் மெம்ஃபிஸ் நகராட்சி, வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்களில் உயிரோடு எஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் கொடுப்பதாக அறிவித்து, பின்னர் அதை 70,000 ஆக உயர்த்தியது. அப்போது அவர்களுள் ஒருவர், வயது எண்பதைக் கடந்தும், இரவு நேரங்களில் மெம்ஃபிஸ் தெருக்களில் நகராட்சியின் குப்பை லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.